பத்துப் பிள்ளைக் கணக்கு: வெளிமாநிலத்தில் தமிழ் கற்ற கதை, சிலேட்டு முதல் கணினி வரை

சுதந்திரம் கிடைத்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்களின் மாநாடு ஒன்று நடந்தது. அதில் எடுத்த முடிவு தமிழ்நாட்டுக்கு வெளியே பிள்ளை வளர்க்கும் நம் எல்லோர் வீட்டையும் தொட்ட ஒன்று; ஆனால் நம்மில் பெரும்பாலோர் அதைக் கேள்விப்பட்டதில்லை. ஆரம்பப் பள்ளியில் சில பிள்ளைகளின் தாய்மொழி அந்த வட்டாரத்து மொழியிலிருந்து வேறாக இருந்தால், அவர்களுக்குத் தாய்மொழியிலேயே சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியராவது வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை. அப்படிப்பட்ட பிள்ளைகள் ஒரு வகுப்பில் பத்துப் பேராவது, பள்ளி முழுவதும் சேர்த்து நாற்பது பேராவது இருக்க வேண்டும்.

1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தத்தில் 350அ என்ற பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு மாநிலமும் போதிய வசதி செய்ய முயல வேண்டும் என்கிறது அது. மறு ஆண்டே, 1957இல், மொழிச் சிறுபான்மையினருக்கென ஓர் ஆணையரும் நியமிக்கப்பட்டார். சட்டம் என்னவோ பெருந்தன்மையானதுதான். நடைமுறையில் கேள்வி மட்டும் அதே பழைய கேள்வியாக நின்றது: "பத்துப் பேர் இருக்கீங்களா?"

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 6 கோடியே 90 லட்சம் பேர். அவர்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள். 50 லட்சம் என்பது பெரிய எண்தான். ஆனால் ஒரு பள்ளியில், ஒரு வகுப்பில், ஒரே வயதில் பத்தாகத் திரண்டால்தானே அது கணக்கில் சேரும்? வெளிமாநிலத்துத் தமிழ்க் கல்வியின் வரலாறு முழுவதையுமே இந்தப் பத்தைத் தேடிய வரலாறாகப் படிக்கலாம் என்பது என் எண்ணம். கணினியும் இணையமும் வந்த கதையும் அதன் ஒரு பகுதியே.

பத்து கிடைத்த ஊர்கள்

இந்தக் கணக்கு காகிதத்தில் எழுதப்படும் முன்பே நம்மவர்கள் அதைச் சொந்த முயற்சியில் தீர்த்திருக்கிறார்கள். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று 1911இல் அறிவிப்பு வந்த பின், அரசுச் செயலகத்தில் குமாஸ்தா, சுருக்கெழுத்தர், கணக்கர் என்று சென்னை ராஜதானியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் பெருகினார்கள். அந்த அரசாங்கமோ கோடையில் சிம்லா, குளிர்காலத்தில் தில்லி என்று ஆண்டுக்கு இருமுறை மூட்டை கட்டும் அரசாங்கம். கோப்புகளோடு குமாஸ்தாக்கள், குமாஸ்தாக்களோடு குடும்பங்கள் என்று எல்லாம் மலை ஏறி மலை இறங்கின. அந்தப் பிள்ளைகளுக்காக 1923இல் மதராஸி கல்விச் சங்கம் ஏற்பட்டது. அதன் பள்ளியும் அரசாங்கத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கிய பள்ளி. தலைநகரில் ஏழு பள்ளிகளை நடத்தும் இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம், அதாவது நாம் எல்லோரும் டி.டி.இ.ஏ. என்று சொல்வது, அதிலிருந்து வளர்ந்ததுதான்.

'எங்கிருந்தும் கற்கலாம்' என்று இணையக் கல்விக்கு இப்போது விளம்பரம் செய்கிறார்கள். பிள்ளை போகுமிடத்துக்குப் பள்ளியும் போக வேண்டும் என்ற யோசனை நம் முன்னோர்களுக்கு 1923லேயே வந்துவிட்டது. அன்று அதற்கு ரயில் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பம்பாயில் கதை வேறு மாதிரி. மாதுங்காவில் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கியது. அது அலுவலகம் போகும் குடும்பங்களின் பக்கம். தாராவியில் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த திருநெல்வேலிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாநகராட்சிப் பள்ளிகள் இருந்தன. மும்பை மாநகராட்சி பல மொழிகளில் பள்ளி நடத்துவதையும் அவற்றுள் தமிழ் ஒன்று என்பதையும் தில்லிக்காரர்களான நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். சங்கம் வைத்து, நன்கொடை திரட்டி, கட்டடம் எழுப்பி நாம் செய்ததை, அங்கே ஏழைத் தொழிலாளி வெறும் தலை எண்ணிக்கையாலேயே பெற்றுக்கொண்டான். வெளிமாநிலத் தமிழ்க் கல்வி என்றால் செயலகத்துக் குடும்பங்களின் கதை மட்டும்தான் என்பது போல எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது சரியல்ல.

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளுங்கள். 1880களிலிருந்து வட ஆர்க்காடு, சேலம் பக்கத்து மக்கள் சுரங்க வேலைக்குப் போய் ஒரு நகரத்தையே தமிழ் நகரமாக்கினார்கள். அங்கே பத்துப் பேர் இருக்கிறார்களா என்ற கேள்வியே எழ இடமில்லை.

பத்து கிடைக்காத ஊர்கள்

ரயில்வே காலனி, ராணுவக் குடியிருப்பு, அணைக்கட்டு முகாம், புது இரும்பாலை நகரம் என்று சிதறிப் போனவர்கள்தான் உண்மையில் திண்டாடினார்கள். மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காக 1963இல் மத்தியப் பள்ளிகள் தொடங்கின. நாடெங்கும் ஒரே பாடத்திட்டம். இடம் மாறினாலும் படிப்பு கெடாது. நல்ல ஏற்பாடுதான், மறுப்பில்லை. ஆனால் அங்கே தாய்மொழி கற்பிக்கப் பகுதிநேர ஆசிரியர் வைக்க வேண்டுமானால் பதினைந்து பிள்ளைகள் விருப்பம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. பத்தே கிடைக்காத ஊரில் பதினைந்துக்கு எங்கே போவது?

அந்தக் குடும்பங்கள் என்ன செய்தன? வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் சிலேட்டு இருந்தது. ஊரிலிருந்து வருகிறவர்கள் ஜி.டி. எக்ஸ்பிரஸில் அரிசி, புளி, அப்பளத்தோடு பழைய வாரப் பத்திரிகைகளையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். 1947இல் பிறந்த 'அம்புலிமாமா'வைப் பெரிய எழுத்துக்காகவே வாங்கிய வீடுகள் உண்டு. எழுத்து கூட்டிப் படிக்க அதுதான் பாடப்புத்தகம். காதுக்கு ஆகாசவாணி. தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசாமியின் உச்சரிப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. அவரே மும்பையில் வளர்ந்தவர் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கி, செயற்கைக்கோள் வழியாகத் தமிழ் வீட்டுக்குள் கொட்ட ஆரம்பித்தது. பேச்சுத் தமிழுக்கு அது செய்ததை எந்தச் சங்கமும் செய்யவில்லை. படிக்கக் கற்றுத்தரவில்லை, அதுவும் உண்மை.

இங்கே நம் அண்டை வீட்டுக்காரர்களையும் கொஞ்சம் பார்க்கலாம். 1959க்குப் பின் வந்த திபெத்திய அகதிகளும் இதே கேள்வியைச் சந்தித்தார்கள். 1960இல் தரம்சாலாவில் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்று தொடங்கி, அதுவே பின்னாளில் திபெத்தியக் குழந்தைகள் கிராமமாக வளர்ந்தது. 1961இல் மத்திய அரசே திபெத்தியப் பள்ளிகளுக்கென ஒரு நிர்வாக அமைப்பை ஏற்படுத்தியது. நாட்டை இழந்தவர்கள், மொழியையும் இழக்கக்கூடாது என்று பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்து உறைவிடப் பள்ளிகளில் வளர்த்தார்கள். அவர்கள் பத்துக்காகக் காத்திருக்கவில்லை, பத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை, தாய் தகப்பனைப் பிரிந்து வளர்ந்த பிள்ளைகள். தமிழுக்காகப் பிள்ளையை விடுதியில் விடுங்கள் என்றால் நம்மில் ஒருவரும் ஒப்பமாட்டோம். நமக்கு என்ன, ஊரில் தமிழ் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியம்தான்.

வெளியே போனவர்கள் கட்டியது

கணினித் தமிழின் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் சட்டென்று கண்ணில் படும். அதைக் கட்டியவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் பலரும் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள். கணினிக்கு முன்பே அப்படித்தான். தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர். 1980களில் கனடாவிலிருந்து சீனிவாசனின் 'ஆதமி', மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் 'முரசு' ஆகிய மென்பொருள்கள் வந்தன. சிங்கப்பூரில் தமிழாசிரியர் பயிற்சியில் இருந்த நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர். 1997இல் அங்கே முதல் தமிழ் இணைய மாநாடு கூடியதிலும் அவர் பங்கு பெரியது. 1999இல் மறைந்துவிட்டார்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து ஆயிரமாயிரம் குடும்பங்கள் சிதறின. தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஆயிரம் கஷ்டங்கள் இருந்தாலும், பள்ளிக்கூடத்தில் தமிழ் இருந்தது. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, நார்வே, கனடா என்று போனவர்களுக்கு அது இல்லை. வட நார்வேயின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் உண்டு. எந்த ஊரில் எத்தனை தமிழ்க் குழந்தை என்பதை மீன் தீர்மானித்தது. சனி, ஞாயிறுகளில் வகுப்பறைகளைக் கேட்டு வாங்கி, பெற்றோரே ஆசிரியராகி, பாடநூலும் தாங்களே அச்சிட்டு அவர்கள் தமிழ்ப் பள்ளி நடத்தினார்கள். திரும்பிப் போக ஊர் இருக்குமா என்று தெரியாதவர்களுக்கு மொழி விஷயத்தில் வரும் வேகம் வேறு. விடுமுறைக்கு ரயிலேறிவிடும் நமக்கு அந்த வேகம் வந்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, வித்தியாசத்தைச் சொல்கிறேன்.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் (இவர் அகதியாகப் போனவர் அல்லர்) கணினிக்கு 'மயிலை' எழுத்துருவைத் தந்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் ஊதியமில்லாமல் தட்டச்சு செய்தும் பிழை பார்த்தும் தமிழ் நூல்களை மின்னூல்களாக்கிய முயற்சி அது. முதல் நூல் திருக்குறள். 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடங்கி வளர்த்த இ. மயூரநாதனும் யாழ்ப்பாணத்துக்காரர், அப்போது அமீரகத்தில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர். கிட்டத்தில் நூலகமோ புத்தகக் கடையோ இல்லாதவர்களுக்குத்தான் கணினிக்குள் ஒரு நூலகம் வேண்டும் என்று தோன்றுகிறது. சென்னையில் இருப்பவருக்கு அந்த அவசரம் இல்லை, பாண்டி பஜார் வரை நடந்தால் போதும்.

2001 பிப்ரவரி

1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. சீரான விசைப்பலகை, 'டேம்', 'டேப்' என்ற எழுத்துக் குறியீடுகள் ஆகியவற்றோடு, இணையத்தின் வழியே தமிழ் கற்பிக்க ஒரு பல்கலைக்கழகம் என்ற அறிவிப்பும் அதையொட்டி வந்தது. முனைவர் வா.செ. குழந்தைசாமி போன்றோர் முன்னின்று வடிவமைத்த அந்தத் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரி 17 அன்று தொடங்கியது. மழலைக் கல்வியிலிருந்து சான்றிதழ், பட்டம் வரை பாடங்கள், கூடவே மின்நூலகம். பின்னாளில் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர் மாறியது. யாரும் எங்கிருந்தும் சேரலாம். பத்துப் பேர் வேண்டாம், ஒரே ஒரு பிள்ளை போதும்.

அதே மாதம் 28ஆம் தேதி கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூறாண்டுக்கு மேலாகப் பத்தென்ன, பத்தாயிரம் என்று தமிழர்கள் திரண்டிருந்த ஊரில் வேலை போயிற்று. குடும்பத் தலைவர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்பும் ஊராகிவிட்டது. பதினொரு நாள் இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்த்ததாக நினைவில்லை. ஓரிடத்தில் கூடியிருந்ததால் பிழைத்த தமிழ் ஒன்று குலைந்த மாதமும், தனியாக இருப்பவனுக்கென்று ஒரு தமிழ் புறப்பட்ட மாதமும் ஒன்றே.

ஆனால் அந்தத் தனிப் பிள்ளைக்கு முதலில் கிடைத்தது பாடம் அல்ல, கட்டம் கட்டமாக நின்ற திரை. வயதில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ப்ரௌசிங் சென்டரில் மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்து உட்கார்ந்தால், ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வோர் எழுத்துரு. இறக்கி நிறுவாவிட்டால் தமிழ் என்ற இடத்தில் பொருளில்லாத ரோமன் எழுத்துக் குப்பை. அந்தக் கடைக் கணினியில் எதையும் நிறுவக்கூடாது என்பான் கடைப் பையன். ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், தமிழ் 1991லேயே இடம் பெற்றுவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரணக் கணினியில் அது சிக்கலில்லாமல் தெரிய வழி பிறந்தது. நம்மைவிடத் திபெத்தியருக்குச் சோதனை அதிகம்: 1991இல் சேர்த்த அவர்கள் எழுத்து 1993இல் நீக்கப்பட்டு, 1996இல் வேறு வடிவில் மீண்டும் சேர்க்கப்பட்டது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை முறையாக ஏற்றது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி. 2001இல் ஆறு வயதாக இருந்த குழந்தைக்கு அப்போது பதினைந்து வயது.

எந்த மொழி வழியாகத் தமிழ்?

எழுத்துருச் சிக்கல் தீர்ந்துபோன ஒன்று, விட்டுவிடலாம். தீராத ஒன்றுக்கு வருகிறேன். இணையத்திலும் குறுந்தகட்டிலும் பிறகு கைப்பேசியிலும் வந்த குழந்தைகளுக்கான தமிழ்ப் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தின் வழியே தமிழைச் சொல்லித்தருபவை. அமெரிக்காவிலும் லண்டனிலும் உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்துச் செய்தவை. அதில் தப்பில்லை. ஆனால் தில்லிப் பிள்ளைக்கு முதல் எழுத்து தேவநாகரி. கல்கத்தாப் பிள்ளைக்கு வங்காளம், புனேப் பிள்ளைக்கு மராத்தி, பெங்களூருப் பிள்ளைக்குக் கன்னடம். இவர்களுக்குத் தமிழில் எது சுலபம், எது கஷ்டம் என்பது ஆங்கிலப் பிள்ளையின் சுலபம், கஷ்டத்திலிருந்து முற்றிலும் வேறு.

ஆங்கிலம் மட்டும் அறிந்த குழந்தைக்கு உயிர்மெய் என்பதே புதுமை. க, கா, கி என்ற வரிசையை விளங்கவைக்கவே வாரங்கள் ஆகும். நம் பிள்ளைகளுக்கு அது பள்ளியிலேயே ஆயிற்று. அவர்கள் தடுமாறுவது வேறிடத்தில். இந்தியில் க-வுக்கு நான்கு எழுத்து, நான்கு சத்தம். தமிழில் எழுத்து ஒன்று, சத்தம் இடத்துக்கு இடம் மாறும். 'கல்' என்பதில் ஒன்று, 'தங்கம்' என்பதில் ஒன்று, 'அகம்' என்பதில் மூன்றாவது. "அங்கிள், இதுக்கு எத்தனை சத்தம்?" என்று குழந்தை கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு விதி இருக்கிறது, மிக எளிய விதி: சொல்லின் முதலில் வல்லோசை, மெல்லினத்தை அடுத்து மெலிந்த ஓசை, இரண்டு உயிருக்கு நடுவே இன்னும் நெகிழ்ந்த ஓசை, இரட்டித்தால் மீண்டும் வல்லோசை. இந்தி படித்த எட்டு வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் புரியும். ஆங்கிலவழிப் பாடம் இதை இந்தக் கோணத்தில் சொல்லாது. அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுக்கு நான்கு க தெரியாது.

எகர ஏகார வேறுபாடும் அப்படித்தான். இந்தியில் குறில் எ, ஒ இரண்டுக்கும் தனி எழுத்து வழக்கத்தில் இல்லை. 'பெட்டி' என்ற சொல்லைப் பார்த்த நம் பிள்ளை 'பேட்டி' என்று படித்து, படத்தில் மகள் எங்கே என்று தேடும். 'கொடு'வும் 'கோடு'வும் ஒன்றாகிவிடும். கன்னடம் படித்த பிள்ளைக்கு இந்தத் தொல்லையே கிடையாது, அங்கே குறிலும் நெடிலும் தனித்தனி. மராத்தி படித்த பிள்ளைக்கு ள சுலபமாக வரும், ஏனென்றால் அந்த எழுத்து அதனிடம் இருக்கிறது. தில்லிப் பிள்ளைக்கு 'பள்ளி' பல்லியாகிவிடும். வங்காளம் படித்த பிள்ளைக்கு 'கெ', 'கொ' எழுதுவது விளையாட்டு மாதிரி. முன்னால் ஒரு குறி, கொகரத்தில் இரண்டு பக்கமும் குறி என்ற முறை அந்த எழுத்திலும் அப்படியே உண்டு. ஆனால் 'வண்டி'யை அது 'பண்டி' என்று சொல்லும். ழகரம் மட்டும் எல்லோருக்கும் பொதுச் சொத்து, யாருக்கும் முதலில் வராது.

இவற்றை எல்லாம் ஒரு மொழியியல் பேராசிரியர் வந்துதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. வெளிமாநிலத்தில் தமிழ் வகுப்பு நடத்திய எந்த மாமியைக் கேட்டாலும் சொல்வார். பாடத்தைச் செய்தவர்கள் அந்த மாமியைக் கேட்கவில்லை. வெளிநாட்டுத் தமிழர் என்றால் ஒரு துறை, ஒரு மாநாடு, ஒரு பாடத்திட்டம். வெளிமாநிலத் தமிழர் என்றால் "நீங்க இங்கேதானே இருக்கீங்க" என்ற பதில். அந்நியராகவும் இல்லாமல் ஊர்க்காரராகவும் இல்லாமல் நடுவில் நிற்பது நமக்குப் பழக்கம்தான், ஆனால் பாடநூலிலும் அப்படி நிற்க வேண்டியதில்லை.

2022இல் தமிழ்நாடு அரசு, இணையக் கல்விக்கழகத்தின் வழியாகத் தமிழ்ப் பரப்புரைக் கழகத்தைத் தொடங்கியபோது அயல்நாட்டோடு வெளிமாநிலங்களையும் சேர்த்தே சொன்னது. இது வரவேற்கத்தக்க மாறுதல் எனலாம். இந்திவழித் தமிழ், வங்காளவழித் தமிழ் என்று ஒவ்வொன்றையும் அந்தந்த எழுத்தின் பழக்கத்திலிருந்து தொடங்கிச் செய்தால்தான் இதற்குப் பயன். ஆங்கில விளக்கத்தை அப்படியே மொழிபெயர்த்தால் பழைய கதைதான்.

ஊருக்குப் போனபோது நடந்தது

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் இணையப் பாடங்களை வைத்து ஆர்வமாகக் கற்ற பத்து வயதுப் பெண் ஒருத்தி கோடை விடுமுறைக்குக் கும்பகோணம் போனாள். வாசலில் நின்ற மாமாவிடம், "மாமா, தாங்கள் எப்பொழுது வந்தீர்கள்?" என்றாள். வீடே சிரித்தது. பாசத்தோடுதான் சிரித்தார்கள். பாவம், குழந்தைக்கு அது தெரியுமா? மீதி விடுமுறை முழுவதும் இந்தியிலேயே பேசிவிட்டுத் திரும்பினாள். ஜூலையில் வகுப்புக்கு வரமாட்டேன் என்றாள்.

அவள் பேசியது பிழையான தமிழா? இல்லை, பாடத்தில் இருந்த தமிழ். நம் பாடங்கள் எல்லாம், அச்சிலும் கணினியிலும், 'நான் பள்ளிக்குச் செல்கிறேன்' என்று தொடங்குகின்றன. தமிழ்நாட்டுக் குழந்தை 'ஸ்கூலுக்குப் போறேன்' என்பதை வீட்டிலேயே கற்றுக்கொண்டு பள்ளிக்கு வருகிறது. அதற்கு எழுத்துத் தமிழ் மட்டும் கற்பித்தால் போதும். அந்தப் பாடத்தை அப்படியே எடுத்து, வீட்டில் அரைகுறையாகத் தமிழ் கேட்கும் பிள்ளைக்குக் கொடுத்தால், பேச யாருமே இல்லாத ஒரு மொழியைக் கொடுத்ததாகிறது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கக் கல்லூரிகளில் தமிழ் கற்கும் வெள்ளைக்கார மாணவனுக்கு இந்தக் குறை இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் ஷிஃப்மன் பேச்சுத் தமிழுக்கென்றே ஆராய்ச்சி செய்து 1999இல் ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். அங்கே வாசு ரங்கநாதனோடு சேர்ந்து இணையவழிப் பாடங்களும் உருவாக்கினார். பேச்சுத் தமிழுக்கும் ஒழுங்கான விதிகள் உண்டு என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

எந்த ஊர்ப் பேச்சைச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்பார்கள். நெல்லையா, கோவையா, தஞ்சாவூரா, பாலக்காடா? என்னைக் கேட்டால் அந்தந்த வீட்டுப் பேச்சுத்தான். குழந்தை யாரிடம் போய்ப் பேசப்போகிறதோ அவர்கள் பேச்சு. வகுப்பில் செய்யவேண்டியது, அதிலிருந்து எழுத்துக்குப் போகும் வழியைக் காட்டுவது. வர்றேன் என்பதை எழுதும்போது வருகிறேன். அவங்க என்றால் அவர்கள். வீட்ல என்றால் வீட்டில். போயிட்டான் என்றால் போய்விட்டான். இருபது, முப்பது ஜோடிகள் போனதும் பிள்ளைகள் தாங்களே மாற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள்.

வாட்ஸாப் வந்த பின் இதற்கு இன்னொரு முகம். பேரப்பிள்ளைகள் பாட்டிக்குத் தமிழில்தான் செய்தி அனுப்புகிறார்கள், ரோமன் எழுத்தில். பேச்சுத் தமிழ் அப்படியே வருகிறது, மகிழ்ச்சிதான். ஆனால் பல், பால், பள்ளம் எல்லாம் அதில் ஒரே 'ல்'தான். கல்லும் கள்ளும் ஒன்று. பாட்டிக்கு ரோமன் எழுத்து தெரியாவிட்டால் செய்தி அப்படியே நிற்கும், அவர் குரல் பதிவு அனுப்புவார். இவர்கள் எழுத்தை அவர் படிக்க முடியாது, அவர் எழுத்தை இவர்கள் படிக்க முடியாது. ஒரே வீட்டில், ஒரே மொழியில்!

2020க்குப் பிறகு

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வெளிமாநிலத்து ஞாயிறு வகுப்புகளும் ஜூமுக்கு மாறின. எல்லோரும் தற்காலிகம் என்றுதான் நினைத்தோம். ஆனால் அதில் ஒன்று நடந்தது. தில்லியிலிருந்து மாற்றலாகிப் போபாலுக்குப் போன குடும்பத்துப் பையன் வகுப்பில் தொடர்ந்தான். அவன் அத்தை பெண் புனேயிலிருந்து சேர்ந்தாள். அவள் சிநேகிதி ஒருத்தி, ஒரு ராணுவக் குடியிருப்பில் தமிழ் பேசும் ஒரே பிள்ளை, அவளும் வந்தாள். 2001இல் தனித்தனிப் பிள்ளைக்கென்று தொடங்கிய இணையக் கல்வி, இருபது ஆண்டு சுற்றி, பத்துப் பிள்ளைகளை ஒரு வகுப்பாக உட்காரவைத்துவிட்டது. தனியாகப் பாடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பாதியில் விட்ட பிள்ளைகள், எதிரே இன்னொரு பிள்ளை தப்பும் தவறுமாகப் பேசுவதைப் பார்த்ததும் வாய் திறக்கிறார்கள். கும்பகோணத்துப் பெண்ணும் இப்படித்தான் திரும்ப வந்தாள். 1949இல் அந்த அமைச்சர்கள் செலவுக் கணக்கு பார்த்துத்தான் பத்து என்று போட்டிருப்பார்கள். வகுப்பறைக் கணக்காகவும் அது அவ்வளவு மோசமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

இன்று கைப்பேசியிடம் தமிழில் பேசினால் அது எழுதிக்காட்டுகிறது, எழுதினால் படித்துக்காட்டுகிறது, கேள்வி கேட்டால் பதிலும் சொல்கிறது. பெற்றோர்களுக்கு இதில் ஒரே உற்சாகம். எழுத்து கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குத் துணையாக இவற்றை நாமும் பயன்படுத்துகிறோம். உச்சரிப்பைத் திருத்த மட்டும் இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது. 'பள்ளி'யைப் 'பல்லி' என்று சொன்னாலும் கைப்பேசி அக்கம்பக்கச் சொற்களை வைத்துப் புரிந்துகொண்டு 'பள்ளி' என்றே சரியாக எழுதிவிடுகிறது. பிள்ளைக்குத் தான் தவறாகச் சொன்னதே தெரிவதில்லை.

இந்தி எழுத்து அறிந்த பிள்ளைகளுக்கான தமிழ்ப் பயிற்சித் தாள்கள் சென்ற ஆண்டிலிருந்து வகுப்பில் பயன்பட்டு வருகின்றன. க, ச, ட, த, ப வரிசைகளின் ஓசை விதிகள், எகர ஒகரக் குறில்கள், ல-ள வேறுபாடு வரை தயாராகிவிட்டன. ற, ன, ழ மூன்றும் பாக்கி. மராத்திவழித் தாள்களை மும்பை நண்பர் ஒருவர் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், வங்காளத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் இருந்து வந்தவர்கள், அல்லது பிள்ளைகளை அங்கே படிக்கவைத்தவர்கள், யாராவது இதைப் படித்தால் சங்க அலுவலகத்தில் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வந்து பார்க்கலாம்.